மேலாளரின் பைக்குக்கு மூச்சுத் திணறல்

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்தது எதற்காக என்று பல ஆயிரம் ஆண்டுகளாக யாருக்கும் சரியாகத் தெரியாமல் இருந்தது. மாட்டுவண்டிக்காக என்றார்கள். ரயிலுக்காக என்றார்கள். எல்லாம் தவறு. சென்ற சித்திரையில் ஒரு திங்கட்கிழமை காலை, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் நவகோடி இரும்பாலையின் வாசலில் அந்த உண்மை சிவப்பு நிறத்தில் வந்து நின்றது. எங்கள் பொது மேலாளர் ஸம்பத்குமார் அதன்மேல் குப்புறப் படுத்திருந்தார்.

படுத்திருந்தார் என்று சொல்வதை யாரும் மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். அது ஸ்போர்ட்ஸ் பைக். சாதாரண பைக்கில் உட்காருவார்கள். இதில் நெஞ்சைப் பெட்ரோல் டாங்கியில் வைத்து, பின்பக்கத்தை வானத்துக்குக் காட்டி, சாலையைச் சேவித்தபடியே வர வேண்டும். சார் இறங்கியபோது உடம்பு நிமிர மறுத்தது. காவலாளி ராஜமாணிக்கம் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து நிமிர்த்தினோம். அந்தப் பேறு எனக்குக் கிடைத்தது என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயர் தணிகாசலம். நிர்வாகப் பிரிவில் உதவியாளர். கூடவே தொழிலாளர் நலக் குழுவின் செயலாளர். நலக் குழு என்றால் தொழிலாளர்கள் நலமாக இருக்கிறார்களா என்று விசாரிக்கிற குழு என்று சிலர் தப்பாக நினைக்கிறார்கள். நலமாக இருக்கிறார்கள் என்று கையெழுத்துப் போடுகிற குழு அது.

அன்று காலை உற்பத்திக் கூட்டம் நடக்க வேண்டிய நேரத்தில் அதைவிட முக்கியமான கூட்டம் நடந்தது. தலைப்பு: 'முதல் அனுபவங்கள்'. பெரிய திரையில் பைக்கின் படம். பிரிவுத் தலைவர்கள் அனைவரும் கட்டாயம் வர வேண்டும். உலைப் பிரிவின் தலைவர் மட்டும் உலை கொதிப்பதாகச் சொல்லி வராமலிருக்க அனுமதி கேட்டார். கொதிக்கட்டும் என்று பதில் போயிற்று.

"முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும்" என்றார் ஸம்பத்குமார். "இது வண்டி இல்லை."

நாங்கள் புரிந்துகொண்டோம்.

"இது ஒரு ஃபீலிங்."

தரக் கட்டுப்பாட்டு ஜெயராஜ் அதை எழுதிக்கொண்டார்.

"திருவள்ளூர்லேர்ந்து வர எவ்ளோ நேரமாச்சு சார்?" என்று கேட்டேன். கேட்கச் சொல்லிக் காலையிலேயே உத்தரவு.

"கார்ல வந்தா ஒண்ணேகால் மணி நேரம். இதுல ரெண்டு."

எல்லோரும் கைதட்டினோம்.

அதற்கான காரணங்களை அவர் பொறுமையாக விளக்கினார். வண்டி மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் ஓடும். ஆனால் புது இன்ஜின் என்பதால் கொஞ்ச நாளைக்கு முறுக்கக் கூடாது. முறுக்கலாம் என்றாலும் பெரியபாளையம் வழியில் இடமில்லை. வேகத்தடை வந்தால் வண்டியின் வயிறு தட்டும். இறங்கித் தள்ள வேண்டும். அந்த வழியில் எத்தனை வேகத்தடை என்று அவர் காரில் போன காலத்தில் கவனித்ததே இல்லையாம். நெடுஞ்சாலையில் ஏறியதும் வண்டிக்கு உயிர் வந்தது. அதற்குள் கன்டெய்னர் லாரிகள் வந்துவிட்டன.

"ஒரு ஷேர் ஆட்டோ என்னை ஓவர்டேக் பண்ணித்து. உள்ள பன்னெண்டு பேர். நான் விட்டுக்கொடுத்தேன். பவர் இருக்கறவனாலதான் விட்டுக்கொடுக்க முடியும்."

"எழுதிக்கிட்டேன் சார்" என்றார் ஜெயராஜ்.

"அப்புறம் இந்தச் சூடு. சிக்னல்ல நின்னா தொடை வெந்துடறது. அதைக் குறைன்னு எடுத்துக்கக் கூடாது. இன்ஜின் நம்மளோட பேசறது."

உலைக்குப் பக்கத்தில் நிற்கிற எங்கள் ஆட்களுக்குக் கை கால் எல்லாம் கொப்புளம். உலை இத்தனை வருஷமாக அவர்களோடு பேசிக்கொண்டிருந்தது என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

முகப்பு விளக்கின் நடுவே வெள்ளையும் சிவப்புமாக இருந்ததைக் காட்டி, அது கம்பெனி ஸ்டிக்கரா என்று ஜெயராஜ் கேட்டார். ஸ்டிக்கர் இல்லை, திருமண் நாமம். சாரின் தகப்பனார் வீரராகவர் கோயிலில் கைங்கரியம் செய்பவர். சந்நிதி வாசலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தின்மேல் வண்டியை ஏற்றச் சொன்னாராம். பழம் நசுங்கியது, வண்டி அந்த ஈரத்தில் வழுக்கிச் சாய்ந்தது, மாமா ஒருவர் தாங்கிக்கொண்டார். திருஷ்டி அவரோடு கழிந்தது. சாரின் மனைவி கமலினி மட்டும் பின் இருக்கையைப் பார்த்துவிட்டு, "இதுல பஞ்சாங்கம் வைக்கலாம், மனுஷா உக்கார முடியாது" என்று உள்ளே போய்விட்டாராம். பெரிய விஷயங்களை வீட்டில் உள்ளவர்கள் தாமதமாகத்தான் புரிந்துகொள்வார்கள்.

கூட்டம் முடிந்து பகல் சாப்பாட்டுக்கு முன்பு சார் தம் வண்டியைப் பார்க்கப் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். சிவப்பாக வந்த வண்டி, ஈரம் காயாத சிமெண்டு மூட்டையின் நிறத்தில் இருந்தது. சார் விரலால் டாங்கியைத் தடவினார். விரல் கருத்தது.

"என்ன இது?"

"தூசி சார்."

"எங்கேர்ந்து வருது?"

"நம்ம கம்பெனிலேர்ந்துதான் சார்."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. குளிர்சாதனக் காரில் வந்து, கூரை போட்ட வாசலில் இறங்கி, குளிர்சாதன அறைக்குள் போய், அதே வழியில் திரும்புகிறவர். ஆறு வருஷத்தில் தூசியும் அவரும் நேருக்கு நேர் சந்திக்க வாய்ப்பே ஏற்படவில்லை. எங்கள் ஆட்கள் எந்த நிறத்தில் சட்டை வாங்கினாலும் ஒரே மாதத்தில் அது கம்பெனி நிறத்துக்கு வந்துவிடும். சீருடை வாங்கித் தருகிற செலவு நிர்வாகத்துக்கு மிச்சம் என்று நலக் குழு ஒருமுறை பாராட்டியும் இருக்கிறது.

தூசியைப் பிடிக்க எங்களிடம் இயந்திரம் இல்லாமல் இல்லை. உலைக்கூடத்துக்குப் பின்னால் மாடி உயரத்துக்கு ஒன்று நிற்கிறது. புகையையும் பொடியையும் உறிஞ்சிப் பைகளில் சேர்த்துக்கொள்ளும். அருமையான இயந்திரம். மின்சாரம் அதிகம் தின்னும் என்பதால் அதைச் சிரமப்படுத்துவதில்லை. சோதனைக்கு அதிகாரிகள் வரும் ஜீப் தெருமுனையில் தெரிந்தால் ராஜமாணிக்கம் போன் செய்வார். எலக்ட்ரீஷியன் ஜோசப் ஓடிப்போய்ச் சுவிட்சைப் போடுவார். ஜீப் திரும்பியதும் அணைப்பார். ஆயுத பூசையன்று மட்டும் அதற்குச் சந்தனம், குங்குமம், பொரி, சுண்டல் எல்லாம் உண்டு. மின்சாரத்தைவிடக் கற்பூரத்தையே அதிகம் பார்த்த இயந்திரம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

"உடனே அதைப் போடச் சொல்லு!" என்று சார் கத்தினார்.

ஜோசப்புக்குக் குழப்பம். "இன்னா சார், ஆபீசருங்க வந்துக்கினு கீறாங்களா?"

"இல்லப்பா. பைக்கு வந்துகீது" என்றேன், அவர் பாஷையிலேயே.

ஜோசப் சுவிட்சைப் போட்டார். இயந்திரம் இருமிக்கொண்டே எழுந்தது.

இங்கே திலகவதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் வண்டியின் பெருமை பாதிதான் தெரியும். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிற ஒப்பந்தத் தொழிலாளி. பழைய இரும்பைத் தரம் பிரிப்பது, உலைக்கூடத்தைச் சுற்றிப் பெருக்குவது அவர் வேலை. இரண்டு வருஷமாக இருமல். ஏணிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அரசு ஆஸ்பத்திரி டாக்டர், இன்னும் கொஞ்ச காலம் இந்தத் தூசியில் நின்றால் நெஞ்சு தாங்காது என்று சொல்லிவிட்டார். கணவர் இல்லை. வேலையை விட்டால் வீட்டில் உலை வைக்க முடியாது. விடாவிட்டால் மூச்சு விட முடியாது. அவர் நலக் குழுவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்த மிசின போட சொல்லு சார். பகல்லயாவது போட்டா போதும். நான் எப்டியோ ஓட்டிக்கினு போய்டுவேன்."

"பரிசீலனையில் உள்ளது" என்பேன்.

"இன்னா சார், போன தபாவும் அதான் சொன்ன?"

"அப்போதிருந்தே பரிசீலனையில் உள்ளது."

நிர்வாகத்தின் உறுதியை இதைவிட எப்படி விளக்குவது? ஆனால் இரண்டு வருஷம் பரிசீலித்தும் ஓடாத இயந்திரம், ஒரு பைக்கின் டாங்கியில் சாரின் விரல் பட்டதும் ஓடிவிட்டது. வண்டியின் இழுவிசையைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்?

ஒரு வாரம் வண்டி தினமும் வந்தது. இயந்திரம் தினமும் ஓடியது. அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிர் ஆலையின் பெயர்ப்பலகை தெரிந்தது. எதிரில் ஓர் ஆலை இருப்பதே எங்களில் பலருக்கு அப்போதுதான் தெரியும். திலகவதி என்னைத் தேடி வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்த முகத்தை நான் அதுவரை அழுக்கோடுதான் பார்த்திருக்கிறேன்.

"சார், ஒரு வாரமா ராவுல தூங்குறேன் சார். இருமலே கம்மியாய்ட்சி. அந்த வண்டி டெய்லி வருமா சார்?"

"அது சாரின் விருப்பம்."

"வரணும் சார். நல்லபடியா வரணும்."

மறுநாள் பெண்கள் எல்லோரும் சேர்ந்து பூசணிக்காய் வாங்கி வந்தார்கள். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து வண்டியின் கைப்பிடியில் கட்டினார்கள். திலகவதி கற்பூரம் ஏற்றி, வண்டியை மூன்று முறை சுற்றி, "யார் கண்ணும் படக்கூடாது, பஞ்சர் கிஞ்சர் ஆவக்கூடாது" என்று மனம் உருகி வேண்டிக்கொண்டார். சார் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பாத்தியா தணிகாசலம்? என் ஆத்துக்காரிக்குப் புரியலை. இவாளுக்குப் புரியறது."

"கிளாஸ் வண்டி சார்" என்றேன்.

அடுத்த வாரம் கோடை மழை. வண்டி நனையக் கூடாது என்பதால் சார் காரில் வந்தார். கார் கம்பெனியுடையது, துடைக்க டிரைவர் உண்டு. அதற்குத் தூசி பயம் இல்லை. எனவே ஜோசப்பின் சுவிட்சுக்கு விடுமுறை. பத்து மணிக்கெல்லாம் பெண்கள் என் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"இன்னா சார், இன்னிக்கி வண்டி வர்ல? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"மழை."

"மழன்னா அதுக்கு ஒரு கோட்டு கீட்டு போட்டு இட்டாந்துட்லாம்ல?" என்றார் திலகவதி. சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். நான் கோப்பைப் பார்த்தேன். இந்த மாதிரி நேரங்களில் கோப்பு பார்ப்பது என் பழக்கம்.

மழை விட்டதும் வண்டி மறுபடி வந்தது, இயந்திரமும் மறுபடி ஓடியது. மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மின்சாரம் ஏன் இவ்வளவு செலவாகிறது என்று கேட்டார்கள். உடனே நலக் குழுவின் அவசரக் கூட்டம் கூடியது. தலைமை ஸம்பத்குமார். பிரச்சினை தெளிவானது: வண்டி தூசியில் நிற்கக் கூடாது, இயந்திரமும் ஓடக் கூடாது.

"தூசி வராம இருக்க வேற வழியே இல்லையா?" என்றார் சார்.

"உலையை நிறுத்தலாம் சார்" என்றேன்.

"வேற?"

ஜெயராஜ் தொண்டையைக் கனைத்தார். "சார், நம்மகிட்ட ஆளுங்க முந்நூறு பேரு. வண்டி ஒண்ணு. இந்த மிஷின் என்ன பண்ணுது? ஒரு வண்டியக் காப்பாத்தறேன்னு முந்நூறு பேரையும் சேத்துக் காப்பாத்துது. அங்கதான் சார் வேஸ்ட் ஆவுது."

தூசியைவிட நுண்ணிய சிந்தனை.

"அப்போ?"

"வண்டிய மட்டும் தனியாக் காப்பாத்தலாம் சார். ஒரு கண்ணாடி ரூம்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இடம் மட்டும்தான் கேள்வி. அலுவலகத்துக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தரையோடு, மேலே கூரையோடு தயாராக ஓர் இடம் இருந்தது: பெண்கள் பகலில் உட்கார்ந்து சாப்பிடுகிற கொட்டகை. அங்கே கண்ணாடிச் சுவர் எழுந்தது. கதவுக்கு ரப்பர் பட்டை. ஏசி. காற்றைச் சுத்தம் செய்ய ஒரு சிறு கருவி. சாப்பிடுகிறவர்களுக்கு மதில் ஓரம் ஒதுக்கப்பட்டது. அறிவிப்பில் அதை 'திறந்தவெளி உணவகம்' என்று குறிப்பிட்டேன். வண்டி உள்ளே போன நாளில் கேசரி வழங்கினோம். ஜோசப்பின் சுவிட்சு பழையபடி அதிகாரிகளுக்காகக் காத்திருக்கத் தொடங்கியது.

திலகவதி கேசரியை வாங்கவில்லை.

"வண்டிக்கு ஊடு கட்டிட்டீங்க. சரி. அந்த மிசினயும் ஏன் சார் நிறுத்திட்டீங்கோ?"

"வண்டிதான் பத்திரமாகிவிட்டதே."

"எனுக்கு நெஞ்சு அடைக்குது சார். ராவெல்லாம் குந்திக்கினே கீறேன். படுத்தா மூச்சு வர்ல. பேஜாரா கீது சார். நான் இன்னா பண்ணட்டும்?"

"விண்ணப்பம் கொடுங்கள்."

"குட்த்து குட்த்து கை ஓஞ்சி போச்சி சார்."

உடல்நலக் குறைவு கைக்கும் பரவியிருப்பதைக் குறித்துக்கொண்டேன்.

ஆனி மாதத்தில் ஒரு பிற்பகல். காற்று அசையவில்லை. உலைக்கூடத்திலிருந்து கிளம்பிய பொடி மேலே போக மனமில்லாமல் தரையோடு நின்றது. பழைய இரும்புக் குவியலுக்குப் பக்கத்தில் திலகவதி உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். வாய் திறந்திருந்தது, காற்று உள்ளே போகவில்லை. உதடு நீலமாகிவிட்டது. பெண்கள் கூக்குரலிட்டார்கள். முதலுதவி அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே கட்டிலின்மேல் பைக்குக்குப் போடுகிற ஷாம்பூவும் மெழுகும் மெத்தென்ற துணிகளும் அடுக்கியிருந்தோம். ஆம்புலன்ஸ் கவரைப்பேட்டையில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

கண்ணாடி அறையின் ஏசியைப் பார்க்கிற பொறுப்பும் ஜோசப்புக்குத்தான். அதனால் அதன் சாவி அவரிடம் இருந்தது. அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கதவைத் திறந்தார், பெண்கள் திலகவதியை உள்ளே கொண்டுபோய் வண்டியின் பின்சக்கரத்தில் முதுகைச் சாய்த்து உட்காரவைத்தார்கள், கதவை மூடினார்கள். நாங்கள் வெளியிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தோம். நெஞ்சு மேலும் கீழும் அடித்துக்கொண்டது. பிறகு மெல்ல அடங்கியது. உதட்டில் நிறம் திரும்பியது. ஒரு மனுஷிக்கு மூச்சு வருவதை இத்தனை பேர் நின்று வேடிக்கை பார்த்தது எங்கள் ஆலையில் அதுவே முதல் முறை. எனக்கே கண் கலங்கிவிட்டது. தூசி என்று சமாளித்தேன்.

தகவல் போய் ஸம்பத்குமார் ஓடி வந்தார். பதறித்தான் போயிருந்தார். கதவைத் திறந்து நேராக வண்டிக்குப் போனார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். டாங்கியைப் பார்த்தார். மறுபக்கம் சுற்றி வந்து பார்த்தார். ஜெயராஜ் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தார்.

"கீறல் இருக்கா?"

"இல்ல சார்."

"எதாவது காணாமப் போயிருக்கா?"

"இல்ல சார். எல்லாம் சரியா இருக்கு."

அப்புறம்தான் சார் கீழே பார்த்தார். "எழுந்திரும்மா. யாரைக் கேட்டு உள்ள வந்தே? இது எதுக்காகக் கட்டின ரூம்னு தெரியுமா?"

திலகவதி வண்டியைத் தொடாமல், தரையில் கை ஊன்றி எழுந்தார்.

"தெரியும் சார். தூசி வராம இருக்கத்துக்கு. உள்ள வந்து குந்துனதும் எனுக்கு மூச்சு வந்துட்சி. ரெண்டு வருசமா நான் கேட்ட காத்து இதான் சார்." அவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். கற்பூரம் ஏற்றிய அதே வண்டிதான். "இது மூச்சு வுடாதே சார். இதுக்கு இன்னாத்துக்கு சார் இந்தக் காத்து?"

கேள்வி குழுவின் அதிகார வரம்புக்கு வெளியே இருந்தது. சார் என் பக்கம் திரும்பி, "இவ நாளைலேர்ந்து வர வேண்டாம். ஆர்டர் ரெடி பண்ணு" என்றார்.

ஆம்புலன்ஸ் வந்து திலகவதியை ஏற்றிக்கொண்டு போயிற்று. நான் அலுவலகத்தில் உட்கார்ந்து ஆணையைத் தயாரித்தேன். என்ன குற்றம் என்று எழுதுவது என்பதில்தான் சிக்கல். திருட்டு என்று எழுதலாம் என்றால் ஒன்றும் காணாமல் போகவில்லை. சேதம் என்றால் கீறல் இல்லை. அத்துமீறி நுழைந்தார் என்றால், அறையைக் கட்டியது தொழிலாளர் நல நிதியில். தொழிலாளி ஒருவர் அதற்குள் போனதை அத்துமீறல் என்று எந்த வக்கீலும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஜெயராஜும் யோசித்துப் பார்த்துக் கையை விரித்துவிட்டார்.

வேறு வழியில்லாமல், என் பணிக்காலத்தில் முதல் தடவையாக, நடந்ததை நடந்தபடியே எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பினேன். சார் படித்துப் பார்க்காமலே போட்டார். எனவே ஆரம்பாக்கத்தைச் சேர்ந்த திலகவதி வேலையிலிருந்து நீக்கப்பட்ட காரணம் நவகோடி இரும்பாலையின் முத்திரையோடு இப்படி இருக்கிறது: 'நிர்வாகத்தின் அனுமதி பெறாமல் சுவாசித்தது.'